ஃபோர்க் = கவைத்தல்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் புதிய செயல்முறையை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உண்டாக்கும் சிஸ்டம் கால்தான் (இயங்குதளத்திடம் நிரல் கேட்கும் சேவை) ஃபோர்க். அழைத்த செயல்முறையை (தாய்) படியெடுத்து, அந்தப் படியையும் (சேய்) ஓடவிடும். அழைப்பது ஒருமுறை, திரும்புவது இருமுறை: தாய்க்குச் சேயின் எண் கிடைக்கும், சேய்க்கு 0. உருவாக்க முடியாவிட்டால் தாய்க்கு -1.

லத்தீனில் ஃபுர்கா என்றால் வைக்கோல் அள்ளும் கவைக்கோல். ஆங்கிலத்தில் பாதை பிரியும் இடத்துக்கும் அந்தச் சொல் வந்தது. கணினியில் ஃபோர்க் (பிரிதல்), ஜாயின் (சேர்தல்) என்ற இணையை 1963-ல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தவர் மெல்வின் கான்வே. பெர்க்லியின் ஜீனி இயங்குதளம் வழியாக அது யூனிக்ஸுக்கு வந்தது. பி.டி.பி-7 கணினியில் ஃபோர்க்குக்கு 27 வரி அசெம்பிளியே தேவைப்பட்டது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி குறித்திருக்கிறார்.

தமிழில் ‘கிளைத்தல்’ என்று எழுதுவதுண்டு. ஆனால் நிரலில் பிராஞ்ச் (நிபந்தனைப்படி வழி மாறுவது) என்பதற்கும் கிளையே புழங்குவதால் குழப்பம் வரும். ‘பிளத்தல்’ தவறு, தாய் இங்கே பாதியாவதில்லை. ஒரு தண்டு வந்து இரண்டாகப் போகும் இடத்துக்குக் கவை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. சங்கப் பாட்டில் நண்டே ‘கவைத்தாள் அலவன்’தான். ஆகவே கவைத்தல்.

இதைக் கெர்னலில் (இயங்குதளத்தின் உட்கரு) எழுதிப் பார்க்க, எம்ஐடி பாடத்துக்கென உருவாக்கிய சிறு இயங்குதளமான எக்ஸ்வி6 (ரிஸ்க்-வி செயலிக்கான பதிப்பு) நல்ல இடம். அதன் செயல்முறை அட்டவணையில் 64 இடங்கள். காலியான ஒன்றைப் பிடித்து, எண் கொடுத்து, டிராப்ஃபிரேமுக்கு (கெர்னலுக்குள் நுழையும்போது ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம்) ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். பிறகு தாயின் நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகச் சேய்க்குப் படியெடுக்க வேண்டும். நடுவில் நினைவகம் தீர்ந்தால், அதுவரை எடுத்ததையெல்லாம் விடுவித்துவிட்டு -1 திருப்ப வேண்டும். இதை மறந்தால் ஒவ்வொரு தோல்விக்கும் நினைவகம் கசியும்.

இருமுறை திரும்பும் வித்தை டிராப்ஃபிரேமில் இருக்கிறது. தாயின் ரெஜிஸ்டர்களை அப்படியே படியெடுத்து, சேயின் ஏ0-வில் (திரும்பும் மதிப்பு வரும் ரெஜிஸ்டர்) மட்டும் 0 வைத்தால் போதும். வைக்காவிட்டால் ஏ0-வில் கிடந்த பழைய மதிப்பு சேய்க்குப் போகும். அது 0 அல்லாதபோது சேயும் தன்னைத் தாய் என்றே எண்ணும். அழைத்த கட்டளையைத் தாண்டும்படி, திரும்பும் முகவரியை 4 பைட் நகர்த்துவது படியெடுப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சேய் எழுந்ததும் மறுபடி ஃபோர்க்கையே அழைக்கும், அதன் சேயும் அப்படியே.

திறந்த கோப்புகளைப் படியெடுப்பதில்லை. ஒவ்வொன்றின் சுட்டு எண்ணிக்கையை (அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) ஒன்று கூட்டுவதோடு சரி. கூட்டாமல் விட்டால், சேய் மூடியதும் தாயின் கோப்பும் பறிபோகும். ‘ஓடத் தயார்’ என்ற நிலையைக் கடைசியில்தான் குறிக்க வேண்டும். முந்தினால், பூட்டும் இல்லாதபோது, செயலியின் இன்னொரு கோர் அரைகுறைச் சேயை ஓட்டத் தொடங்கிவிடும்.

சேய் பெரும்பாலும் உடனே எக்செக்கை (வேறு நிரலை ஏற்றி ஓட்டும் சிஸ்டம் கால்) அழைக்கும் என்பதால் முழு நகல் வீண் செலவு. எனவே லினக்ஸில் ‘எழுதும்போது மட்டும் நகலெடுக்கும்’ முறை: இருவரின் பக்க அட்டவணையிலும் (எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே, என்ன அனுமதியோடு என்ற பட்டியல்) எழுதும் அனுமதியை நீக்கி, பக்கத்தைப் பொதுவில் வைப்பார்கள். எழுத முயலும்போது பிழை எழும். அப்போது அந்தப் பக்கம் மட்டும் நகலாகும். அனுமதியை நீக்கியபின் டிஎல்பி-யை (பக்க அட்டவணைப் பதிவுகளைச் செயலி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்) துடைக்க மறந்தால், தாய் பழைய அனுமதியிலேயே எழுதிச் சேயின் தரவைக் கெடுக்கும். எக்ஸ்வி6-இல் இதைச் சேர்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் காப்பிஅவுட் (கெர்னலிலிருந்து நிரலின் நினைவகத்துக்குத் தரவை எழுதும் செயற்கூறு): அங்கே கெர்னல், நிரலின் பக்க அட்டவணையைத் தானே படித்து எழுதுவதால் பிழை எழுவதே இல்லை. பொதுவில் வைத்த பக்கமா என்று பார்த்து நகலெடுக்கும் அதே சோதனையை அங்கும் எழுத வேண்டும்.