தரைக்கும் முதுகுக்கும் நடுவே: ஸ்லீப்பிங் மேட் வேலை செய்யும் விதம்

சென்னையில் இருப்பவர்கள் படுப்பதற்கு எதை வாங்கினாலும், அதில் சூடு தங்கக் கூடாது என்பதையே முதலில் பார்ப்போம். மே மாதத்து இரவில் மொட்டை மாடியில் கோரைப் பாய் சுகமாக இருக்கிறதென்றால், அது மெல்லியதாகவும் காற்று புகுந்து வருவதாகவும் இருப்பதே காரணம். முதுகுப் பையோடு மலையேறி டென்டில் தங்கும்போது தேவை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இந்த ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர்களில் பலர் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் ஸ்லீப்பிங் பேக்கில் போட்டுவிட்டு, அடியில் விரிக்கும் மேட்டை முதுகு வலிக்காமல் இருப்பதற்கான ஒரு வசதியாக மட்டுமே எண்ணிக்கொள்கிறார்கள். குளிரைத் தடுப்பதில் அதற்கு இருக்கும் பங்கு அதைவிட மிகப் பெரியது.

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று, உடலின் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி, அதிலிருந்த காற்று வெளியேறிவிடுவதால், எத்தனை விலை உயர்ந்த பேக்காக இருந்தாலும் கீழ்ப்பக்கத்தில் அது ஏறக்குறைய ஒரு துணியாகிவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதோ மண். ஈரமான மண், அசையாத காற்றைவிடச் சுமார் 50 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நம் எடையால் நசுங்கிவிடாத ஒரு காற்றுப் படலத்தை முதுகுக்கும் மண்ணுக்கும் இடையே நிறுத்திவைப்பதே மேட்டின் முதன்மையான வேலை.

அந்த வேலையை ஒரு மேட் எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதைக் காட்டும் எண்ணை ஆர் மதிப்பு என்கிறார்கள். சூடான தகடு ஒன்றுக்கும் குளிர்ந்த தகடு ஒன்றுக்கும் நடுவே மேட்டை வைத்து அழுத்தி, சூட்டைக் குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். மின்சாரம் குறைவாகத் தேவைப்பட்டால் ஆர் மதிப்பு அதிகம் என்று பொருள். இதற்கென, பொருள்களுக்கான சோதனைத் தரங்களை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு 2018இல் ஒரு பொதுவான சோதனை முறையை வகுத்த பிறகுதான், வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ், தரையின் வெப்பநிலை 10 டிகிரி, தரையோடு ஒட்டியிருக்கும் உடற்பரப்பு அரைச் சதுர மீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆர் மதிப்பு 1 உள்ள மேட் வழியாக 65 வாட் வெப்பமும், 2 என்றால் 33 வாட்டும், 4 என்றால் 16 வாட்டும் தரைக்குள் இறங்குகின்றன. தூங்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பமே மொத்தம் 70 முதல் 80 வாட்தான் என்பதால், முதல் எண்ணின் கடுமை எளிதில் விளங்கும். அதே கணக்கில் மேட்டே இல்லாத நிலையை நினைத்துப் பார்த்தால், ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுருண்டு படுத்தும் நடுங்குவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தடிமனான மேட் என்றால் கதகதப்பானது என்று கடையில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைதான் அதிகமாக ஏமாற்றுகிறது. ஊதி நிரப்பும் மேட் ஒன்றின் உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால், அது 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்பியிருந்தாலும் ஆர் மதிப்பு 1ஐ ஒட்டித்தான் இருக்கும். வெறும் 1 சென்டிமீட்டர் கனமுள்ள நல்ல ஃபோம் மேட்டுக்கு அது ஏறத்தாழ 1.5 ஆக இருக்கும். காரணம் கதிர்வீச்சு. மேட்டின் சூடான மேற்பரப்பு, குளிர்ந்த அடிப்பரப்பை நோக்கி அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நடுவிலுள்ள இடைவெளி ஒரு விரல் உயரமா, ஒரு சாண் உயரமா என்பது அந்தக் கதிர்களுக்குப் பொருட்டே இல்லை. போதாததற்கு, நாம் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் காற்று கலங்கிச் சூட்டைக் கீழே கொண்டுபோகிறது. ஃபோமில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள் காற்றையும் அசையவிடுவதில்லை, கதிர்களையும் நேராகப் போகவிடாமல் சுவருக்குச் சுவர் தடுக்கின்றன. விலை உயர்ந்த ஊதும் மேட்டுகள் உள்ளே செயற்கைப் பஞ்சையோ, கதிர்களைத் திருப்பியனுப்பும் பளபளப்பான படலங்களையோ வைத்து, அரை கிலோ எடைக்குள்ளேயே 4க்கு மேற்பட்ட ஆர் மதிப்பைத் தருகின்றன. அவை பல ஆயிரம் ரூபாய் விலையில் விற்பதற்கு உள்ளே இருக்கும் அந்த வேலைப்பாடுதான் முக்கியக் காரணம். ஆர் மதிப்பு அச்சிடப்படாத மலிவான ஊதும் மேட்டில் அந்த வேலைப்பாடு இருக்காது என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

இரும்புத் தகட்டுக் கூரைக்கு அடியில் வெயில் சூட்டைத் தடுக்க ஒட்டுவார்களே, ஒரு பக்கம் வெள்ளிநிறப் படலம் உள்ள ஃபோம், அதை மேட்டாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் வருகிறது. பயன்படுத்தலாம். ஆனால் பளபளப்பான பரப்புக்கு எதிரே ஒரு காற்று இடைவெளி இருந்தால்தான் அது கதிர்களைத் திருப்பியனுப்பும். முதுகோ தரையோ நேராக அதைத் தொட்டுவிட்டால், வெப்பம் தொடுகை வழியாகவே போய்விடும். எனவே அங்கே பயன் தருவது ஃபோமின் கனம் மட்டுமே, வெள்ளிநிறத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர் எதை வாங்கலாம்? எங்கே படுக்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஏலகிரி, ஜவ்வாது மலை போன்ற சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்து இடங்களுக்கு 1 சென்டிமீட்டர் ஃபோம் மேட் தாராளமாகப் போதும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் டிசம்பர் இரவுகளுக்கு ஆர் மதிப்பு 2 இருந்தால் நிம்மதி. இமயமலையில் பனிமேல் படுப்பதற்கு 4க்கு மேல் வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு: ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த மேட்டுகளின் ஆர் மதிப்புகள் கூட்டிக்கொள்ளக்கூடியவை. முதலில் ஒரு ஃபோம் மேட்டை வாங்கிவிட்டு, இமயமலைப் பயணம் உறுதியாகும்போது இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதோ வாடகைக்கு எடுப்பதோதான் சிக்கனமான வழி என்பது என் உறுதியான கருத்து.

ஃபோமிலும் எல்லாம் ஒன்றல்ல. வீட்டிலிருக்கும் யோகா மேட் வழுக்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் ஒரு கிலோ எடை இருக்கும், கனமோ 6 மில்லிமீட்டர்தான். டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிகளில் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோம் எடையே இல்லாதது என்றாலும், இடுப்பு அழுந்தும் இடத்தில் சில இரவுகளிலேயே தட்டையாகிவிடும். வாங்கும்போது வெட்டப்பட்ட ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்: அறைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவையாகவும் ஒரே சீராகவும் இருப்பது நல்ல அறிகுறி. கட்டைவிரலால் அழுத்தி எண்ணிப் பத்து வினாடி பிடித்துவிட்டு எடுத்தால் பள்ளம் மெல்ல மேலெழுந்து மறைய வேண்டும். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அது திறந்த அறைகள் உள்ள ஸ்பாஞ்ச், மழைக்காலத்தில் நனைந்து எடை கூடிவிடும்.

நீளத்தைக் குறைத்தாலே எடை நன்றாகக் குறையும். 180 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 1 சென்டிமீட்டர் ஃபோம், கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தி என்றால் 270 கிராம் இருக்கும். தோளிலிருந்து முழங்கால் வரை 120 சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டால் 180 கிராம்தான். கால்களுக்கு அடியில் காலியான முதுகுப் பையை விரித்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது சரிப்படாமல் போகலாம், ஏனென்றால் இடுப்பெலும்பும் தோளும் அழுந்தும் இடத்தில் மெல்லிய ஃபோம் முழுவதும் நசுங்கித் தரை தட்டும். அவர்கள் ஊதும் மேட்டுக்குப் பணம் தருவதில் நியாயம் உண்டு. அப்படி வாங்கினால், வாயால் ஊதாமல் அதனுடன் வரும் பையால் காற்று நிரப்புவதும், ஊர் திரும்பியதும் வால்வைத் திறந்து உலர்த்தி, சுருட்டாமல் அலமாரிக்குப் பின்னால் விரித்து வைப்பதும் அவசியம். மூச்சின் ஈரம் உள்ளே பூஞ்சை பிடிக்க வைக்கும், சென்னையின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து, காற்று கசியாமல் காக்கும் பாலியூரிதேன் பூச்சையும் மெல்ல மெல்லச் சிதைக்கும்.