எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தால் முதலாளித்துவம் தாங்குமா?

2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிரம்பிய மலேசியர் ஒவ்வொருவரும் மைகார்டு என்னும் அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட்டுக்கு அத்தியாவசியப் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. ஏழை, பணக்காரர் என்ற பாகுபாடே இல்லை. சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்களும் அட்டையை நீட்டி அரிசி, சமையல் எண்ணெய் வாங்கின. அது மாதாமாதம் வரும் உதவி அல்ல. அதையே மாதாமாதம், ரொக்கமாக, நிபந்தனையில்லாமல் கொடுத்தால் அதற்குப் பெயர் அனைவருக்குமான அடிப்படை வருமானம்.

இது முதலாளித்துவத்துக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கடையையோ ஆலையையோ தோட்டத்தையோ அரசு எடுத்துக்கொள்வதில்லை. எதை வாங்குவது என்று மக்களே முடிவு செய்கிறார்கள். காசு மறுபடியும் கடைக்குத்தான் போகிறது. சந்தைப் பொருளாதாரத்துக்காகவே வாதாடிய மில்டன் ஃபிரீட்மன், 1962-லேயே இதற்கு நெருக்கமான ஒரு திட்டத்தை முன்வைத்தார்.

இப்போதைய உதவிகளில் உள்ள சிக்கலைப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் ரஹ்மா ரொக்க உதவிக்குக் குடும்ப வருமானம் 2,500, 5,000 ரிங்கிட் என்று கோடு கிழித்திருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுபவரின் சம்பளமோ காய்ப்புக்கும் மழைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மனைவியும் உதிரிப் பழம் பொறுக்கப் போய், வருமானம் கோட்டைத் தாண்டினால் உதவி குறையும். கூடுதலாக உழைத்ததற்கு இப்படி ஒரு தண்டனை! அடிப்படை வருமானத்தில் அந்தக் கோடே இல்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை கையில் நிற்கும். அதற்கு மேல் வருவதற்குத்தான் வரி.

சரி, சும்மா பணம் வந்தால் யார் வேலைக்குப் போவார்கள்? ஃபின்லாந்து 2017, 2018-இல் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. அவர்கள் வேலை செய்த நாட்கள் குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தன. மனநிலையும் மேம்பட்டிருந்தது. அலாஸ்காவில் 1982 முதல் எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்த லாபத்தில் குழந்தைகளுக்கும்கூட ஆண்டுதோறும் பங்கு தருகிறார்கள். அங்கேயும் வேலைக்குப் போவோர் குறைந்துவிடவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சந்தை என்றால் இரு தரப்பும் மனமொப்பிப் பேசும் பேரம் என்கிறார்கள். ஆனால் லயத்தில், அதாவது தோட்ட நிர்வாகம் கொடுத்த வரிசை வீட்டில், குடியிருப்பவருக்கு வேலை போனால் வீடும் போகும். வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் எப்படிப் பேரம் பேசுவார்? டவுனில் ஓர் அறை எடுத்து வேறு வேலை தேடும் அளவுக்கு மாதம் ஒரு தொகை வந்தால், அவரும் நிமிர்ந்து பேசலாம். நிர்வாகமும் சம்பளத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் வாங்க வேண்டும். இது சந்தையைக் கெடுப்பதல்ல, சந்தையை அது சொன்னபடியே நடக்க வைப்பது.

அப்புறம் செலவு. பெரியவர்கள் ஏறக்குறைய 2.2 கோடிப் பேருக்கு மாதம் 500 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 132 பில்லியன். 2025 பட்ஜெட்டே 421 பில்லியன்தான். வசதியானவர்களிடமிருந்து வரியாகத் திரும்ப வருவதைக் கழித்தால் உண்மையான சுமை இதைவிடக் குறைவு. இருந்தாலும் வரியைக் கூட்டாமல் நடக்காது, அதை ஒளிக்கக் கூடாது.

எல்லோர் கையிலும் பணம் வந்தால் விலைவாசி ஏறாதா? எல்லாப் பொருளுக்கும் ஒரேபோல ஏறாது. அரிசிக்குக் கிராக்கி கூடினால் கூடுதலாக வரவழைத்துவிடலாம். வீட்டை அப்படி வரவழைக்க முடியாது. வாடகை வீடுகள் குறைவாக உள்ள தோட்டப்புற டவுனில், கையில் வந்த 500-இல் ஒரு பகுதியை வீட்டுக்காரர் வாடகையாக ஏற்றிவிடலாம். அதனால் ரொக்கத்தோடு சேர்த்து, லயத்துக் குடும்பங்களுக்குச் சொந்த வீடும் கட்டித் தரவேண்டும்.