கூலன்ட் சென்சார்: மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும் என்று கணக்கிடும் காரின் கணினி, எஞ்சின் எந்த அளவு சூடாக இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு சிறு சென்சாரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. சிலிண்டர் ஹெட்டிலோ, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் அருகிலோ, முனை எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் மூழ்கும்படி பொருத்தப்பட்டிருக்கும் அதனுள் இருப்பது தெர்மிஸ்டர் எனும் அரைக்கடத்தி. சூடேறினால் உலோகக் கம்பியின் மின்தடை கூடும். இதிலோ மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்கள் பெருகுவதால் மின்தடை குறையும். இந்தத் தலைகீழ்ப் பண்பை 1833-இல் மைக்கேல் ஃபாரடே சில்வர் சல்பைடில் கண்டார்.

பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் மின்தடை காட்டும் சென்சார், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். துல்லியமான எண்களை அந்தந்த காரின் சர்வீஸ் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். கணினி ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரில் விழும் மின்னழுத்தத்தை வெப்பநிலையாக மாற்றிக்கொள்கிறது.

வயர் அறுந்தால் கணினிக்கு மைனஸ் 40 டிகிரி போலத் தெரியும்; உடனே எச்சரிக்கை விளக்கு எரியும், பி0118 என்ற பிழைக்குறியீடு பதிவாகும். முழுதாகச் செத்த சென்சார் இப்படி எளிதில் பிடிபடுகிறது. உண்மையான தொல்லை, நம்பும்படியாகத் தவறு சொல்லும் சென்சாரால்தான். எஞ்சின் 90 டிகிரியில் ஓடும்போது அது 50 என்று சொன்னால் விளக்கு எரியாமலே போகலாம். கணினியோ தேவைக்கு மேல் எரிபொருளை ஊற்றிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

சோதனையைக் கூலன்ட் மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் முனையைச் சுற்றிக் காற்று தேங்கினால் நல்ல சென்சாரும் தவறாகவே காட்டும். தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் உண்மையிலேயே சூடேறாது. அதற்குச் சென்சாரை மாற்றிப் பயனில்லை. இரவு முழுதும் ஆறிய எஞ்சினில், கணினி காணும் எண்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை இணைத்தால், கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கவும். இரண்டு வயர் சென்சாராக இருந்தால், கழற்றிய கனெக்டரின் இரு முனைகளையும் சிறு வயரால் இணைக்கும்போது ஸ்கேனரின் எண் மைனஸ் 40-இலிருந்து உச்சத்துக்குத் தாவ வேண்டும். தாவினால் வயரிங் சரி, பழுது சென்சாரில்தான் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். உறுதிப்படுத்த, கழற்றிய சென்சாரின் முனையை வெந்நீரில் வைத்து, தெர்மாமீட்டரையும் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரையும் சேர்த்துப் பார்க்கலாம். நீர் ஆற ஆற ஓம் அளவு சீராக ஏற வேண்டும். இடையில் குதித்தால் அந்தச் சென்சாரை நம்ப முடியாது.

கழற்றும் வேலையை எஞ்சின் முழுதாக ஆறிய பின்னரே செய்ய வேண்டும்; அழுத்தத்தில் இருக்கும் சூடான கூலன்ட், மூடியைத் திறந்ததும் கொதித்துச் சீறும். கொஞ்சம் கூலன்ட்டை வடித்துவிட்டு, புதிய ஓ-ரிங் அல்லது வாஷருடன் பொருத்தவும். அலுமினியத் திரெட் எளிதில் கெட்டுவிடும் என்பதால் முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகி, கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி எஞ்சினை ஓடவிட்டால், ஸ்கேனரில் எண் தாவாமல் ஏறி, தெர்மோஸ்டாட் திறந்ததும் நிலைகொள்ளும். எஞ்சின் மறுபடி ஆறியதும் கூலன்ட் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பவும்.