வாந்தி எடுத்தவர் கையில் உடனே தண்ணீர் சொம்பைக் கொடுக்காதீர்கள்

ராத்திரி வீட்டில் ஒருவர் திடீரென்று வாந்தி எடுத்தால், வாய் கொப்பளித்த கையோடு ஒரு சொம்புத் தண்ணீரோ சோடாவோ கொடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் அதுவும் வெளியே வந்துவிடும். அப்புறம் "தண்ணிகூட தங்கல டாக்டர், ஒரு ஊசி போடுங்க" என்று வருவார்கள். தங்காததற்குக் காரணம் பல நேரம் கொடுத்த வேகம்தான்.

கால் மணி நேரமாவது வயிற்றைச் சும்மா விடுங்கள். பிறகு ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலில் ஒரு மடக்கு, சில நிமிடம் விட்டு இன்னொரு மடக்கு. மறுபடி வாந்தி வந்தால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள், ஸ்பூனால் கொடுத்தாலும் சரி. பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கொஞ்சத்தை டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும். பாக்கெட் இல்லையென்றால் ஆறிய ஒரு லிட்டர் வெந்நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

ஆனால் எனக்குப் பெரிய கவலை "பித்த வாந்திதான்" என்று சொல்லி விட்டுவிடுவதில்தான். சர்க்கரை நோய் உள்ள ஐம்பது வயதுக்காரர் ஒருவர், விடியற்காலையில் இரண்டு முறை வாந்தி, மேல் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கிறது என்றார், வீட்டில் கேஸ் மாத்திரையும் இஞ்சிச் சாறும் கொடுத்துக் காலைவரை காத்திருந்துவிட்டு வந்தார்கள். நெஞ்சு வலி இல்லவே இல்லை. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு. இதயத்தின் கீழ்ப்பகுதியில் அடைப்பு வந்தால் வாந்தியாகவே அது தெரியலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலும் போகலாம். வாந்தியோடு குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தாடையிலோ கையிலோ வலி இருந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர் வாந்தி எடுத்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், சர்க்கரை எகிறினாலும் வாந்திதான் வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை போன்றவற்றை அன்று போடலாமா என்று மருத்துவரைப் போனில் கேட்டுவிடுங்கள்.

ரத்தமோ காப்பித்தூள் போலவோ வந்தாலும், தலையில் அடிபட்டபின் அல்லது கடும் தலைவலியோடு வந்தாலும், வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் இருந்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், பேச்சு குழறினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். குடித்துவிட்டு அரை மயக்கத்தில் இருப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது; ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பூச்சிமருந்து குடித்திருப்பாரோ என்று சந்தேகம் வந்தால் உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.