பிரேம் வாங்க முதல் வீட்டைப் பாருங்கள்

ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போனதும், திருகோணமலையில் இருக்கும் எங்கள் திருத்தும் கடைக்கு, அவர்கள் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போன டிஜிட்டல் போட்டோ பிரேம்கள் (படங்களை மாறி மாறிக் காட்டும் திரைகள்) வரத் தொடங்கும். பலதில் பழுதே இருக்காது. டொரொன்டோவில் நன்றாக வேலை செய்த சாமான், உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் வெறும் கறுப்புக் கண்ணாடியாக நிற்கும்.

வாங்குபவர்கள் கேட்பது எத்தனை இஞ்ச் என்று. நான் திருப்பிக் கேட்பது, அந்த வீட்டில் வைஃபை இருக்கிறதா, அதன் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் என்று.

இப்போது வரும் பிரேம்களில் பெரும்பாலானவை ஃப்ரேமியோ போன்ற ஒரு போன் செயலி வழியாக அனுப்பும் படத்தைப் பெற்றுக் காட்டுபவை. மகள் லண்டனில் இருந்து அனுப்பினால் அம்மாவின் மேசையில் படம் வந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் வீட்டில் ரவுட்டர் இல்லை, பேரன் வரும்போது மட்டும் அவன் போனில் ஹொட்ஸ்பொட் என்றால், பேரன் படலையைத் தாண்டியதோடு புதுப் படமும் நின்றுவிடும். அப்படியான வீட்டுக்கு மெமரி கார்டோ பென் டிரைவோ போடும் சாதாரண பிரேமே போதும். ஒரேயொரு கவனம்: 2017க்குப் பிறகு ஐபோன்கள் படங்களை ஹெய்க் (HEIC) வடிவத்தில் சேமிக்கின்றன, மலிவான பிரேம்கள் பலவற்றுக்கு அது தெரியாது. வழக்கமான ஜேபெக் (JPEG) படமாக மாற்றித்தான் கார்ட்டில் ஏற்ற வேண்டும். வைஃபை பிரேம் என்றால், அவற்றில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். வைஃபை பட்டியலில் உங்கள் ரவுட்டருக்கு இரண்டு பெயர் தெரிந்தால், கடைசியில் 5ஜி என்று இல்லாத பெயரைத் தெரிவு செய்யுங்கள்.

அப்புறம் கரண்ட். கனடாவில் இருந்து வரும் பிரேமின் பிளக்கில் தட்டையான இரண்டு கால் இருக்கும். மாற்றுப் பிளக் வாங்க ஓடுவதற்கு முன் அடப்டரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை வாசியுங்கள். இன்புட் என்ற வரியில் 100-240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால், எங்கள் 230 வோல்ட்டில் போட்ட கையோடு புகைதான். கடையிலேயே இன்னொன்றும் செய்து பார்க்கலாம்: ஓடிக்கொண்டிருக்கும் பிரேமின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பப் போடுங்கள். தானாகப் படம் வர வேண்டும். பொத்தான் அமுக்கினால்தான் எழும்பும் என்றால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அலுமாரிக்கு மேல் ஏறுவது யார்?

திரை ஐ.பி.எஸ். வகையா, அதாவது சரிவாகப் பார்த்தாலும் நிறம் மாறாததா என்று கேளுங்கள். சாய்மனைக் கதிரையில் இருக்கும் அப்பப்பா கீழேயிருந்துதான் பார்ப்பார். மலிவுத் திரைகளில் அந்தக் கோணத்தில் முகங்கள் கரிபிடித்தது போலத் தெரியும். பத்து இஞ்சுக்கு 1280×800 புள்ளிகள் தாராளம். வட்ஸ்அப்பில் வந்த படம் தெளிவில்லாமல் போகுமா என்று கவலைப்பட வேண்டாம். அதன் நீளப் பக்கம் 1600 புள்ளி அளவில் இருக்கும், இந்தத் திரைக்கு அது காணும்.

ஒருவர், காலமான அப்பாவின் படத்தை வைக்கப் பெரிய டிஜிட்டல் பிரேம் கேட்டு வந்தார். ஸ்டூடியோவில் கழுவிக் கண்ணாடி போட்ட படமே நல்லது என்றேன். திவசத்தன்று கரண்ட் போனால் பூமாலைக்குள் முகம் இருக்காது.

இனி, ஆட்கள் கேட்கவே கேட்காத விஷயம். வைஃபை பிரேம் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு அன்ட்ரொய்ட் கணினி. உங்கள் வங்கிச் செயலி உள்ள போன் எந்த வைஃபையில் இருக்கிறதோ அதே வைஃபையில் இரவும் பகலும் இதுவும் இருக்கும். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., பேட்பொக்ஸ் 2.0 என்ற தீநிரல் (கருவிக்குள் புகுந்து கெடுதல் செய்யும் மென்பொருள்) வலையமைப்பைப் பற்றி எச்சரித்தபோது, டிவி பெட்டிகளோடு டிஜிட்டல் பிரேம்களையும் பட்டியலில் சேர்த்திருந்தது. பெட்டி பிரிக்க முன்னரே தீநிரல் உள்ளே இருக்கலாம், அல்லது முதல் செட்டிங்கின்போது இறங்கலாம். அதே ஆண்டு நவம்பரில் குவொக்கா என்ற பாதுகாப்பு நிறுவனம், யூவேல் செயலியில் ஓடும் பிரேம்களைச் சோதித்து, அவற்றில் சில எழும்பும்போதே தீநிரலை இறக்குவதாகச் சொன்னது.

ஆகவே பெயர் ஊர் தெரியாத மலிவு பிரேமை வைஃபையோடு வாங்காதீர்கள். தீநிரலைத் தேடிப் பிடிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்டை நிறுத்து என்று பிரேம் கேட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு (கெஸ்ட் வைஃபை) இருந்தால் பிரேமை அதில் போடுங்கள். படம் அனுப்பும் இணைப்புக் குறியீட்டைக் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போடாமல், அனுப்ப வேண்டியவருக்கு மட்டும் கொடுங்கள்; எங்கள் குடும்பக் குழுமங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று அட்மினுக்கே தெரியாது.

பரிசாகக் கொடுப்பவர்கள் பெட்டியோடு நீட்டிவிட்டு விமானம் ஏறாதீர்கள். அந்த வீட்டு வைஃபையிலேயே இணைத்து, ஐம்பது படமாவது ஏற்றி, இரவில் தானாக அணையும் நேரத்தையும் வைத்துவிட்டுப் போங்கள். உப்புவெளிப் பக்கம் கடலோர வீடு என்றால் யன்னலோரம் வேண்டாம், உப்புக் காற்றில் சார்ஜர் துளை துருப்பிடித்துவிடும்.

திருத்தக் கொண்டுவரும்போது கார்ட்டைக் கழற்றிவிட்டு வாருங்கள். விற்பதென்றால், உள்ளே இருப்பதெல்லாம் அழிய ஃபாக்டரி ரீசெட் கொடுத்துவிடுங்கள். போனில் இருந்த முழு அல்பத்தையும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். சில பிரேம்களைப் பிளக்கில் போட்டதும் எங்கள் மேசையில் முதலில் வருவது வீட்டுக்காரரின் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும்தான்.