ஏழாம் செமஸ்டரில் வந்து கதவைத் தட்டாதீர்கள்

ஏழாம் செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி என் அறைக்கு வந்து, ஹானர்ஸ் (தேர்ந்த மாணவர்கள் ஆய்வேடும் எழுதிப் பெறும் சிறப்புப் பட்டம்) ஆய்வேட்டுக்கு யாரை வழிகாட்டியாகக் கேட்கலாம் என்று விசாரித்தார். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் அவர் மூன்றாமவர். அவருடைய மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.9; ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால், எடுத்துக்கொண்ட தலைப்புக்கு இன்றியமையாத ஆய்வுமுறைப் பாடத்தை அவர் படித்திருக்கவில்லை. அந்தப் பாடம் அடுத்த வசந்தகால செமஸ்டரில்தான் நடத்தப்படும். அவர் மனத்தில் வைத்திருந்த பேராசிரியரோ ஆண்டு முழுவதும் ஆய்வு விடுப்பில் இருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஹானர்ஸ் மாணவர்களின் பாட ஆலோசகராக இருக்கும் எனக்கு, ஹானர்ஸ் இல்லாமலும் நல்ல பட்டம் வாங்கலாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்த நிலைக்கெல்லாம் வேர், ஹானர்ஸ் என்பது பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் அதன்மேல் ஏற்றிவைக்கும் கூடுதல் மூட்டை என்ற எண்ணம். அது மூட்டையே அன்று. வழக்கமான நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும் என்றால், ஹானர்ஸுக்கு உரியவை, இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், பெரும்பாலும் 18 முதல் 30 கிரெடிட் வரை இருக்கும்; அவை அந்த 120-க்குள்ளேயே, பொதுக்கல்விப் பாடங்களின் இடத்திலும் முதன்மைத் துறைப் பாடங்களின் இடத்திலும் அமர வேண்டியவை. அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியில் 1922-இல் அதன் தலைவர் பிராங்க் அய்டலாட் ஹானர்ஸ் முறையைத் தொடங்கியபோதே, கடைசி இரண்டு ஆண்டுகளில் வழக்கமான வகுப்புகளுக்குப் பதிலாகக் கருத்தரங்குகள், முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் என்றுதான் அதை அமைத்தார். அங்கே ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்ததே தவிர, ஒன்றின்மேல் மற்றொன்று ஏறவில்லை.

இது புரியாததால் நேரும் விந்தை ஒன்று உண்டு. பள்ளியிலேயே ஏபி (கல்லூரி நிலைப் பாடங்களுக்கான) தேர்வுகள் எழுதி, 30 கிரெடிட்டோடு பெருமையாக வந்து சேரும் மாணவர்களே பின்னர் அதிகம் திண்டாடுகிறார்கள். ஹானர்ஸ் பாடங்கள் உட்கார வேண்டிய பொதுக்கல்வி இடங்களை அந்தக் கிரெடிட்டுகள் முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன. ஏபி கிரெடிட்டைப் பெரும்பாலான திட்டங்கள் ஹானர்ஸ் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. ஆகவே, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக்கொள்ளுமுன் ஆலோசகரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

சாதாரணப் பாடத்தை ஹானர்ஸ் பாடமாக மாற்றும் ஒப்பந்தத்தை நம்பி இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதில் ஆசிரியரின் ஒப்புதல் செமஸ்டரின் தொடக்க வாரங்களிலேயே கிடைத்தாக வேண்டும். படித்து முடித்த பாடத்துக்குப் பின்தேதியிட்டு எவரும் கையெழுத்திட மாட்டார்கள். (வேறு யோசனையில்லாமல் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றைக் கூடுதலாக எழுதச் சொல்லி ஒப்பந்தத்தை முடித்துவைக்கும் ஆசிரியர்களைப் பற்றி எனக்கு ஒரு தனிக் குறை உண்டு, அது இன்னொரு நாளைக்கு.)

திட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எட்டாம் செமஸ்டரில் ஆய்வேட்டை முடிக்க வேண்டுமானால், ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் வழிகாட்டி உறுதியாகியிருக்க வேண்டும். அவர் நான்காம் ஆண்டில் விடுப்பில் போகிறாரா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ஆய்வுமுறைப் பாடமும் அதற்கு முன்தேவையான பாடமும் எந்தெந்த செமஸ்டரில் நடக்கின்றன என்று பாருங்கள். ஐந்தாம் செமஸ்டரை வெளிநாட்டில் கழிக்கப் போகிறீர்கள் என்றால் அதைப் பதிவு செய்வதற்கு முன்பே பாருங்கள். நேர்காணலோ கருத்துக் கணிப்போ நடத்துவதாக இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன் ஒரு கேள்வியையும் கேட்காதீர்கள்; திரட்டிவிட்ட தரவுக்குப் பிறகு அனுமதி வாங்க முடியாது. தவறவிட்டதை ஈடுகட்ட ஒரே செமஸ்டரில் 21 கிரெடிட் எடுத்துக்கொண்டு, ஹானர்ஸில் நீடிக்கத் தேவையான மதிப்பெண் சராசரியையே இழந்துவிடாதீர்கள்.

முதலாண்டு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, தெரிந்த வரைக்கும் நிரப்பி, இரண்டாம் செமஸ்டருக்குள் என்னைப் போன்ற ஒருவரிடம் கொண்டுவாருங்கள். பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. அவற்றை நிரப்ப அப்போது நமக்கு நேரம் இருக்கும்.