யோவான் 8: 32-ஐப் படிக்கிறவர்கள் 44-ஐயும் படிக்க வேண்டும்

"சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்." யோவான் 8:32 எல்லாருக்கும் மனப்பாடம். அதே பேச்சில், பன்னிரண்டு வசனம் தள்ளி, "நீங்கள் உங்கள் பிதாவாகிய பிசாசானவனால் உண்டானவர்கள்" என்கிறார் இயேசு. இரண்டும் ஒரே உரையாடல் என்று பிரசங்கம் பழகுகிறவர்களிடம் சொன்னால், பலர் பைபிளைத் திருப்பிச் சரிபார்க்கிறார்கள். ஒற்றை வசனமாகவே கேட்டுப் பழகியதால் வருவது இது.

31ஆம் வசனத்தின்படி, இயேசு பேசத் தொடங்குவது தம்மை விசுவாசித்த யூதர்களிடம். விடுதலை என்றதுமே அவர்களுக்குச் சுருக்கென்கிறது: நாங்கள் ஆபிரகாமின் சந்ததி, ஒருக்காலும் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை! எகிப்திலும் பாபிலோனிலும் அடிமைப்பட்டிருந்த ஜனம், ரோம ஆட்சியின் கீழ் நின்றுகொண்டு சொல்கிற பதில் இது. இயேசு பாவத்தின் அடிமைத்தனத்தைச் சொல்கிறார். அவர்கள் காதில் விழுவது குலப்பெருமைக்கு விழுந்த அடி. அப்புறம் பேச்சு முழுக்க 'தகப்பன் யார்' என்பதைச் சுற்றியே போகிறது.

இங்கேதான் நிதானித்துப் படிக்க வேண்டும். ஆபிரகாமின் வித்து என்பதை இயேசு மறுக்கவில்லை. 37ஆம் வசனத்திலேயே ஒத்துக்கொள்கிறார். ஆபிரகாமின் பிள்ளைகள் என்றால் ஆபிரகாமின் கிரியைகளைச் செய்வீர்களே என்பதுதான் அவருடைய கேள்வி. சத்தியத்தைச் சொன்னவரைக் கொல்லத் தேடுகிறார்கள் என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு. 44இல் பிசாசைக் கொலைபாதகன், பொய்யன் என்று சொல்வதும் அதையொட்டித்தான். ஆக, பிறப்பு அல்ல, செயல்தான் ஒருவரின் தகப்பனைக் காட்டும் என்பதே வாதம். இந்த வசனத்தை ஒரு இனத்தின் மேல் சுமத்துகிறவர் இயேசுவின் வாதத்தையே தலைகீழாக்குகிறார்.

அப்படிச் சுமத்தியும் இருக்கிறார்கள். 1936இல் நாஜி ஜெர்மனியில் வெளிவந்த ஒரு சிறுவர் படப்புத்தகம் யூதனின் தகப்பன் பிசாசு என்றுதான் தொடங்குகிறது. இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லார் மீதும் இன்றைய யூதர் மீதும் பழி சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அதற்குள் எத்தனை தலைமுறை பிரசங்கங்கள் போய்விட்டன!

கடுஞ்சொல் ஏன் என்று கேட்பார்கள். தீர்க்கதரிசி ஏசாயா, பாவத்துக்குப் பேர்போன சோதோம் நகரின் பெயரைச் சொல்லி, தன் சொந்த ஜனத்தையே "சோதோமின் அதிபதிகளே" என்று கூப்பிட்டவர். சொந்த ஜனத்துக்குள் நின்று தீர்க்கதரிசிகள் பேசிய பேச்சு அது. இயேசுவும் யூதரே. சமாரியப் பெண்ணிடம், இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது என்றவரும் அவரே.

இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் "சத்தியமாவது என்ன?" கேள்வியிலும் இதே கவனம் வேண்டும். ஏளனமா, சலிப்பா என்று யோவான் எழுதவில்லை. கேட்டுவிட்டு வெளியே போய், இவனிடத்தில் நான் ஒரு குற்றமும் காணேன் என்றான், எழுதியிருப்பது அவ்வளவுதான். தொனியை நாமாகச் சேர்க்க வேண்டாம்.

யோவான் 8-ஐப் பிரசங்கத்துக்கு எடுக்கிறவர்கள் 31 முதல் 59 வரை சபையில் சத்தமாக வாசியுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், அன்றைக்கு 44-ஐத் தனியாக எடுத்துப் பேசாதீர்கள்.